நெஞ்சு நீருக்குள் கிடைத்த சாட்சி: வி.இ.ஜி.எஃப். பிறந்த கதை

மூச்சு வாங்குகிறது, படுத்தால் இன்னும் மோசமாகிறது, ஒரு பக்க நெஞ்சு கனக்கிறது என்று வருபவருக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு, "நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கு" என்கிறார் மருத்துவர். கூட வந்தவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஏன் டாக்டர் தண்ணி சேர்ந்துச்சு?"

கேள்வி சின்னது, பதில்தான் பெரும்பாடு. இதயம் தளர்ந்தாலும் அங்கே நீர் சேரும். கல்லீரல் சுருங்கினாலும், சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிட்டாலும் சேரும். நிமோனியா, காசநோய், முடக்குவாதம், புற்றுநோய் என்று காரணங்களின் பட்டியல் ஐம்பதைத் தாண்டும். எக்ஸ்ரேயில் இவை எல்லாமே அடியில் தேங்கிய வெண்மையாகத்தான் தெரியும். ஒருவருக்கு நீர் பிரியும் மாத்திரையே போதும். இன்னொருவருக்கு ஆறு மாதக் காசநோய் மருந்து வேண்டும். வேறொருவருக்கோ அந்த நீர், புற்றுநோய் நான்காம் நிலைக்குப் போய்விட்டதன் அறிவிப்பு.

ஆகவே நீரை வடிப்பது பாதி வேலைதான். அது எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பதே மீதி வேலை. கடினமான வேலையும் அதுவே. இந்த விசாரணையில் இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் மருத்துவர்களுக்கு ஒரு புதிய சாட்சி கிடைத்தது. ரத்தக் குழாய்களை வளரவைக்கும், கசியவும் வைக்கும் ஒரு புரதம் அது. அதன் பெயர் ரத்தக்குழாய் உட்சுவர் வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக வி.இ.ஜி.எஃப். அந்தச் சாட்சி எங்கே பிறந்தது, எப்படி நோயறியும் அறைக்குள் வந்தது, அதன் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இந்தக் கதை.

தட்டிக் கேட்டவரும் குத்தி எடுத்தவரும்

நுரையீரலைப் போர்த்தி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தை ஒட்டி இன்னொன்று. இரண்டுக்கும் இடையே நலமாக இருப்பவருக்கு ஒரு பக்கத்தில் சுமார் 10 மில்லி திரவம்தான் இருக்கும். மூச்சுவிடும்போது உறைகள் ஒன்றோடொன்று உராயாமல் வழுக்கிச் செல்ல அது போதும். தந்துகிகளிலிருந்து திரவம் ஊறி வந்துகொண்டே இருக்கும். வெளி உறையில் உள்ள நிணநீர்த் துளைகள் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வரவு கூடினாலும் நீர் தேங்கும், செலவு அடைபட்டாலும் தேங்கும். சிலருக்கு இரண்டு லிட்டருக்கு மேலும் தேங்கிவிடும்.

நெஞ்சுக்குள் நீரும் சீழும் சேரும் என்பது ஹிப்போகிரேட்டஸ் காலத்து கிரேக்க மருத்துவர்களுக்கே தெரியும். விலா எலும்புகளின் இடையே கீறிச் சீழை வெளியேற்றும் முறையும் அவர்களிடம் இருந்தது. ஆனால் உயிரோடு இருப்பவரின் நெஞ்சுக்குள் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று வெளியிலிருந்தே அறியும் வழியை 1761-இல்தான் ஒருவர் நூலாக எழுதி வைத்தார். அவர் வியன்னாவில் ஸ்பானிய ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய லியோபோல்ட் ஆவன்புருகர். கிராட்ஸ் நகரத்தில் விடுதி நடத்தியவரின் மகன். மதுப் பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் பழக்கத்திலிருந்தே நெஞ்சைத் தட்டும் யோசனை அவருக்குப் பிறந்தது என்று சொல்வார்கள். இறந்தவர்களின் நெஞ்சுக்குள் நீரைச் செலுத்தி, தட்டும் ஒலி எந்த இடத்தில் மந்தமாகிறது என்று ஒப்பிட்டும் பார்த்தார். அவர் காலத்தில் அந்த நூலைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் 1808-இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகே அது பரவியது. கோர்விசாரின் மாணவர் லேனெக்தான் 1816-இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தார்.

நீர் இருப்பது தெரிந்துவிட்டது, எடுப்பது எப்படி? 1850-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் மோரில் வைமன், ஹென்றி பௌடிச் என்ற இரு மருத்துவர்கள் ஊசிக்குழாயோடு உறிஞ்சு பம்பைப் பொருத்தி நெஞ்சு நீரை இறக்கிக் காட்டினார்கள். கத்தியால் கீறாமல், காற்றை உள்ளே விடாமல் நீர் வெளியே வந்தது. மூச்சுத் திணறியவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். இன்றும் மருத்துவமனைகளில் 'டேப்' செய்வது என்று சொல்லும் சிகிச்சையின் முன்னோடி அதுதான். ஆனால் எடுத்த நீர் என்ன சொல்கிறது என்று கேட்கும் கருவி அன்று யாரிடமும் இல்லை. தெளிவாக இருக்கிறதா, கலங்கலா, ரத்தம் கலந்ததா, சீழா, நாற்றம் உண்டா என்று கண்ணும் மூக்கும் சொன்னதே தீர்ப்பு.

லைட் போட்ட கோடு

நுண்ணோக்கி வந்தது. நீரில் மிதக்கும் அணுக்களைச் சாயமேற்றிப் பார்க்கும் பழக்கம் வந்தது. அடர்த்தியை அளந்தார்கள், புரதத்தை அளந்தார்கள். ஒரு தெசிலிட்டரில் 3 கிராமுக்கு மேல் புரதம் இருந்தால் ஒரு வகை, குறைந்தால் இன்னொரு வகை என்று பிரித்தார்கள். அந்தக் கணக்கு அடிக்கடி பிசகியது.

1972-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ரிச்சர்ட் லைட் என்ற இளம் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 150 பேரின் நெஞ்சு நீரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் நீரை மட்டும் பார்க்கவில்லை. அதே ஆளின் ரத்தத்தையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். நீரின் புரதம் ரத்தத்தின் புரதத்தில் பாதிக்கு மேலா? எல்.டி.எச். என்ற நொதி ரத்தத்தில் உள்ளதைப் போல 0.6 பங்குக்கு மேலா? நீரின் எல்.டி.எச். 200 அலகுக்கு மேலா? இந்த மூன்றில் ஒன்றுக்காவது 'ஆம்' என்று பதில் வந்தால் அது எக்ஸுடேட். மூன்றுக்கும் 'இல்லை' என்றால் டிரான்சுடேட். அந்த ஆய்வில் 103 எக்ஸுடேட்டில் ஒன்றும் 47 டிரான்சுடேட்டில் ஒன்றும் மட்டுமே கோட்டின் தவறான பக்கத்தில் விழுந்தன. ஐம்பது ஆண்டு கடந்தும் உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் இந்த 'லைட் விதிகளை' மனப்பாடம் செய்கிறார்கள்.

இந்தக் கோட்டின் இரு பக்கமும் என்ன இருக்கிறது? தண்ணீர்த் தொட்டியின் வெளியே ஈரம் கண்டால் இரண்டில் ஒன்றைத்தான் சந்தேகப்படுவோம்: தொட்டி நிரம்பி வழிகிறதா, சுவரிலேயே விரிசலா? டிரான்சுடேட் முதல் வகை. இதயம் தளர்ந்து அழுத்தம் கூடுவதாலோ, ரத்தத்தில் ஆல்புமின் குறைவதாலோ வெறும் நீர் மட்டும் வெளியே வருகிறது. குழாய்ச் சுவர் நன்றாகவே இருக்கிறது. எக்ஸுடேட் இரண்டாம் வகை. சுவரே கசிவதால் புரதமும் சேர்ந்து வெளியேறுகிறது.

லைட் விதிகள் இந்த வேறுபாட்டை அழகாகப் பிடித்துவிட்டன. ஆனால் எக்ஸுடேட் என்று தெரிந்த பிறகுதான் குடும்பத்தார் நிஜமாகவே பயப்படும் கேள்வி எழுகிறது. காசநோயா, சீழா, புற்றா? அதற்குப் புரதக் கணக்கிடம் பதில் இல்லை. சுவரைக் கசியவைத்தது எது என்று தெரிந்தால் பதில் கிடைக்கலாம். அந்தத் தேடல் நெஞ்சு நோய் மருத்துவர்களிடம் தொடங்கவில்லை. வேறொருவர் வேறொன்றைத் தேடப் போய், கைக்கு வந்து சேர்ந்தது.

கினிப் பன்றியின் தோலில் நீலப் புள்ளி

பாஸ்டனில் ஹெரால்டு டுவோராக் என்ற நோயியல் அறிஞர் புற்றுக் கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டியின் அணுக்களுக்கு நடுவே ஃபைப்ரின் படிந்திருப்பது அவர் கண்ணில் உறுத்தியது. ஃபைப்ரின் என்பது ரத்தம் உறையும்போது உருவாகும் நாரிழை. அதன் மூலப்பொருளான ஃபைப்ரினோஜன் ரத்தத்தில் ஓடுவது. நல்ல குழாயை விட்டு எளிதில் வெளியேற முடியாத அளவுக்குப் பெரிய மூலக்கூறு. அது கட்டிக்குள் வந்து படிகிறது என்றால், கட்டியின் ரத்தக் குழாய்கள் கசிகின்றன என்று பொருள். அப்படியானால் கட்டியே ஏதோ ஒன்றைச் சுரந்து அவற்றைக் கசியவைக்கிறதா?

இதைச் சோதிக்க டுவோராக் குழுவினர் எடுத்துக்கொண்டது, புற்று வந்த கினிப் பன்றிகளின் வயிற்றில் தேங்கிய நீர். சோதனையை 1952-இல் மைல்ஸ் இணையர் வகுத்துத் தந்திருந்தார்கள். எளிய உத்திதான், ஆனால் கண்ணால் பார்த்து உறுதி செய்யக்கூடியது. விலங்கின் முதுகு ரோமத்தை மழித்துவிட்டு, சிரையில் ஒரு நீலச் சாயத்தை ஏற்றுவார்கள். சாயம் ரத்தத்தின் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு குழாய்க்குள்ளேயே சுற்றி வரும். பிறகு சோதிக்க வேண்டிய திரவத்தைத் தோலுக்குள் சிறு சிறு துளியாக ஊசியால் ஏற்றுவார்கள். சிறிது நேரம் காத்திருந்து தோலின் உட்புறத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். குழாய்கள் கசிந்த இடத்தில் ஆல்புமினோடு சாயமும் வெளியே வந்து நீல வட்டம் விழுந்திருக்கும். கசியாத இடம் வெளிறியே இருக்கும். வட்டம் எவ்வளவு பெரியதோ, எவ்வளவு அடர்நீலமோ, கசிவும் அவ்வளவு.

புற்று வயிற்று நீரை ஏற்றிய இடங்களில் நீல வட்டங்கள் பளிச்சென்று விழுந்தன. ஆய்வகத்தில் வளர்த்த புற்று அணுக்கள் ஊறிக் கிடந்த திரவமும் அதையே செய்தது. டுவோராக்கின் ஆய்வகத்தில் டொனால்டு செங்கர் இந்தப் பொருளைப் பிரித்தெடுக்கும் வேலையில் இறங்கினார். 1983 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது: புற்று அணுக்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன, அது ரத்தக் குழாயைக் கசியவைக்கிறது, வயிற்றில் நீர் தேங்குவதற்கு அதுவே காரணம். அந்தப் புரதத்துக்குக் குழாய்க் கசிவுக் காரணி என்று பெயரிட்டார்கள், சுருக்கமாக வி.பி.எஃப். பூச்சி கடித்த இடம் வீங்கக் காரணமான ஹிஸ்டமினைக் காட்டிலும் சுமார் 50,000 மடங்கு வலிமையானது என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

பௌடிச் நெஞ்சு நீரை வெளியே எடுத்த அதே பாஸ்டனில், நூற்று முப்பது ஆண்டு கழித்து, தேங்கிய நீருக்குள்ளேயே அந்த நீரை வரவழைத்த பொருள் அகப்பட்டது. இந்தக் கதையின் உயிர்நிலை இதுதான். அதுவரை நீர் நோயின் விளைவாக மட்டுமே பார்க்கப்பட்டது. வடித்துக் கொட்ட வேண்டிய கழிவு அது. டுவோராக் குழுவுக்குப் பிறகு, காரணத்தையும் தன்னுள் கரைத்து வைத்திருக்கும் திரவமாக அது மாறியது.

இரண்டு ஆய்வகம், ஒரே புரதம்

அதே காலத்தில் வேறொரு வழியாக இன்னொருவர் இதே புரதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மேன் 1971-இலேயே ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். கட்டி பெரிதாக வேண்டுமானால் அதற்குத் தனியாக ரத்தக் குழாய்கள் வேண்டும். அவற்றை வளரச் செய்யும் ஏதோ ஒன்றைக் கட்டியே சுரக்க வேண்டும். அதைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம். பலர் நம்பவில்லை. அந்த 'ஏதோ ஒன்றை'த் தேடி ஆய்வகங்கள் இறங்கின.

இத்தாலியின் சிசிலித் தீவில் பிறந்த நெப்போலியோன் ஃபெராரா அமெரிக்காவுக்கு வந்து மாட்டின் பிட்யூட்டரி சுரப்பி அணுக்களை வளர்த்து ஆராய்ந்தார். அந்த அணுக்கள் வளர்ந்த திரவம் ரத்தக்குழாய் உட்சுவர் அணுக்களைப் பெருகவைப்பதைக் கண்டார். 1988-இல் ஜெனன்டெக் நிறுவனத்தில் சேர்ந்து, அதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்தார். உட்சுவர் அணுக்களை வளர்ப்பதால் வி.இ.ஜி.எஃப். என்று பெயர் வைத்தார். 1989 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் அவருடைய குழு அதன் மரபணு வரிசையை வெளியிட்டது. அதே இதழில், அடுத்தடுத்த பக்கங்களில், மான்சான்டோ நிறுவன ஆய்வாளர்கள் வி.பி.எஃப்.-இன் மரபணு வரிசையை வெளியிட்டிருந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரே புரதம். ஒரு வழியில் வந்தவர்கள் கசிவைத் தேடினார்கள். இன்னொரு வழியில் வந்தவர்கள் வளர்ச்சியைத் தேடினார்கள். இரண்டு வேலையையும் செய்வது ஒரே மூலக்கூறு என்று தெரியவந்தது.

அதன் பிறகு இந்தப் புரதத்தின் பயணம் வேகமெடுத்தது. அதைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து 2004-இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. கண் விழித்திரையில் ரத்தக் குழாய் கசிந்து பார்வை போகும் நோய்க்கு இன்று கண்ணுக்குள் போடும் ஊசிகள் இதே புரதத்தைத் தடுப்பவைதாம். ஆனால் நம் கதை நெஞ்சு நீரைப் பற்றியது, அங்கே திரும்புவோம்.

நெஞ்சு நீருக்குள் தேடியபோது

விலங்கின் வயிற்று நீரில் இருப்பது மனிதரின் நெஞ்சு நீரிலும் இருக்குமா? 1993-இல் டுவோராக், செங்கர் ஆகியோரை உள்ளடக்கிய குழு மனிதர்களின் நெஞ்சு நீரையும் வயிற்று நீரையும் அளந்து பார்த்தது. புற்றால் வந்த நீரில் பெரும்பாலும் இந்தப் புரதம் மிகுந்திருந்தது. மற்ற நீரில் பொதுவாகக் குறைவாக இருந்தது.

1999-இல் இரு முக்கியக் கட்டுரைகள் வந்தன. ஒன்று இங்கிலாந்தின் பிரிஸ்டலிலிருந்து திக்கெட் குழுவினர் 'தோராக்ஸ்' இதழில் எழுதியது. மற்றொன்று அமெரிக்காவிலிருந்து 'செஸ்ட்' இதழில் வந்தது. அதன் ஆசிரியர்களில் ஒருவர், 1972-இல் எக்ஸுடேட்டுக்கும் டிரான்சுடேட்டுக்கும் கோடு போட்ட அதே ரிச்சர்ட் லைட். தான் வகுத்த கோடு எங்கே நின்றுபோனதோ, அங்கிருந்து அடுத்த அடியை எடுத்து வைக்க அவரே வந்திருந்தார். இவையும் பின்னால் வந்த ஆய்வுகளும் சேர்ந்து ஒரு சித்திரத்தைக் காட்டின. இதயத் தளர்ச்சியால் வந்த நீரில் வி.இ.ஜி.எஃப். குறைவு. புற்றால் வந்த நீரில் அதிகம். சீழ் பிடித்த நீரிலும் அதிகம்.

2000-இல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் யானோ, ஃபிட்லர் குழுவினர் செய்த எலிச் சோதனை இன்னும் ஆழமாகப் போனது. மனித நுரையீரல் புற்று அணுக்களை எலிகளுக்குள் செலுத்தினார்கள். வி.இ.ஜி.எஃப். ஏராளமாகச் சுரக்கும் அணுக்கள் நெஞ்சில் நீர் தேங்க வைத்தன. அதே அணுக்களின் வி.இ.ஜி.எஃப். உற்பத்தியை மரபணு உத்தியால் குறைத்தபோது, அவை நுரையீரல் உறைக்குள் நுழைந்தன, ஆனால் நீர் குறைந்தது. புற்று உறைக்குள் புகுவது ஒன்று, நீர் தேங்குவது இன்னொன்று என்பது இதில் தெளிவாயிற்று. நீர் தேங்க இரண்டும் வேண்டும்: புற்று உறையைத் தொட வேண்டும், வி.இ.ஜி.எஃப். குழாய்களைத் திறந்துவிட வேண்டும்.

வளர்ச்சிக் காரணிகளில் இது ஒன்று மட்டும் அல்ல. டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற இன்னொன்று தழும்பையும் நாரிழையையும் வளர்ப்பது. காசநோய் நெஞ்சு நீரில் அது உறையிலேயே உற்பத்தியாவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1993-இலேயே காட்டினார்கள். காசநோய் ஆறிய பின் சிலருக்கு உறை தடித்துப் போய் மூச்சு குறுகுவது ஏன் என்று யோசிப்பவர்களுக்கு அது ஒரு தடயம். இந்த டி.ஜி.எஃப்.-பீட்டா உறை அணுக்களைத் தூண்டி வி.இ.ஜி.எஃப்.-ஐச் சுரக்க வைக்கும் என்பதும் பிறகு தெரிந்தது. ஒவ்வொரு காரணியும் நெஞ்சுக்குள் நடக்கும் ஒரு வேலையின் பெயரைச் சொல்கிறது: கசிவு, வளர்ச்சி, தழும்பு.

பிகோகிராமை அளக்கும் தட்டு

இந்தப் புரதத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. அளவு அவ்வளவு நுண்ணியது. ஒரு மில்லிலிட்டரில் எத்தனை பிகோகிராம் என்று எண்ணுகிறார்கள். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம். எந்தத் தராசும் இதை நிறுக்காது.

எலிசா என்ற முறை கைகொடுக்கிறது. 1971-இல் ஸ்டாக்ஹோமில் எங்வால், பெர்ல்மன் என்ற இருவர் வகுத்தது. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் வி.இ.ஜி.எஃப்.-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதம் பூசப்பட்டிருக்கும். நெஞ்சு நீரைச் சுழற்றித் தெளியவைத்து, தெளிந்ததில் ஒரு துளியைக் குழியில் விடுவார்கள். வி.இ.ஜி.எஃப். இருந்தால் ஒட்டிக்கொள்ளும்; மற்றவை கழுவும்போது போய்விடும். பிறகு இரண்டாவது எதிர்ப்புரதம். அதன் முதுகில் ஒரு நொதி. கடைசியில் நிறம் தரும் திரவத்தை ஊற்றினால் நொதி அதை மஞ்சளாக்கும். வி.இ.ஜி.எஃப். எவ்வளவோ, மஞ்சளும் அவ்வளவு அடர்த்தி. அளவு தெரிந்த குழிகளோடு ஒப்பிட்டு ஒளிமானி எண்ணைச் சொல்லிவிடும்.

கினிப் பன்றியின் தோலில் விழுந்த நீலம் இங்கே குழியில் தெரியும் மஞ்சளாகிவிட்டது. விலங்கு தேவையில்லை, சில மணி நேரத்தில் முடிவு. ஆனால் கைப்பக்குவம் வேண்டும். ரத்தத் தட்டணுக்களுக்குள் வி.இ.ஜி.எஃப். நிறைய அடைந்திருக்கிறது. நீரில் ரத்தம் கலந்து உறைந்துவிட்டால் தட்டணுக்கள் அதைக் கொட்டிவிடும். எண் பொய்யாக உயரும்.

சாட்சி சொல்வது எவ்வளவு

இவ்வளவும் தெரிந்த பிறகு, நீரை எடுத்து வி.இ.ஜி.எஃப். அளந்து, எண் உயர்ந்தால் புற்று, தாழ்ந்தால் இல்லை என்று சொல்லிவிடலாமா? முடியாது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புற்றால் வந்த நீரை இந்த எண் சுமார் நான்கில் மூன்று தடவை சரியாகப் பிடித்தது. புற்று இல்லாததை இல்லை என்று சொல்வதிலும் ஏறத்தாழ அதே தேர்ச்சிதான். நான்கில் ஒருவருக்குத் தவறாகும் எண்ணை நம்பிக் கீமோதெரபி தொடங்கவும் கூடாது, புற்று இல்லை என்று வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. அதனால்தான் வழக்கமான நோயறிதல் பட்டியலில் இந்தச் சோதனை இன்னும் இடம்பெறவில்லை.

காரணம் அந்தப் புரதத்தின் இயல்பிலேயே இருக்கிறது. புற்று அணு மட்டுமா அதைச் சுரக்கிறது? நுரையீரல் உறையின் சொந்த அணுக்களும், சீழோடு சண்டை போட வரும் வெள்ளை அணுக்களும் சுரக்கும். காயம் ஆறுவதற்கும், கரு வளர்வதற்கும் இதே புரதம் வேண்டும். எலிக் கருவில் இதன் மரபணுப் பிரதி இரண்டில் ஒன்று போனாலே கரு பிழைக்காது. உடம்பு இத்தனை வேலைக்குப் பயன்படுத்தும் ஒன்று, ஒரே நோயை மட்டும் காட்டிக் கொடுக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதற்கு எதிர்முனையில் இருப்பது ஏ.டி.ஏ. இத்தாலியின் சார்தீனியாத் தீவில் சஸ்ஸாரி பல்கலைக்கழகத்தினர் 1978-இல் கண்டறிந்து சொன்ன எளிய, மலிவான சோதனை. காசநோய் நீரில் டி லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் பெருகுவதால் அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதியும் பெருகும். 40 அலகைத் தாண்டினால் காசநோய் வலுவாகச் சந்தேகிக்கப்படும். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்பங்கு வாழும் இந்தியாவில் அந்த எண் அன்றாடம் உயிர்களைக் காப்பாற்றுகிறது. அதுவும் தனியே தீர்ப்பு எழுதாது. சீழ் நீரிலும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றிலும் அதே எண் உயரும். நீரின் அணுக்கள், வயது, காய்ச்சல், எக்ஸ்ரே எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

புற்று என்று உறுதிசெய்ய இன்றும் கண்ணால் காணும் சான்றே வேண்டும். நீரில் மிதக்கும் அணுக்களைப் பார்க்கும் சைட்டாலஜி, புற்று நீரில் சுமார் 60 விழுக்காட்டில்தான் புற்றைக் காட்டும். மற்றவர்களுக்கு உறையிலிருந்து ஒரு துண்டு எடுக்க வேண்டும். 1910-இல் ஸ்டாக்ஹோமின் யாகோபேயுஸ் தொடங்கிவைத்த தோராக்கோஸ்கோப்பியில் உறையை நேரில் பார்த்துத் துண்டு எடுத்தால் 90 விழுக்காட்டுக்கு மேல் விடை கிடைத்துவிடும். சைட்டாலஜி கைவிரிக்கும் அந்த 40 விழுக்காட்டினரில் யாரை உடனே தோராக்கோஸ்கோப்பிக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில், வி.இ.ஜி.எஃப். போன்ற எண்கள் மற்றச் சோதனைகளோடு சேர்ந்து ஒருநாள் உதவலாம். ஆய்வுகள் அந்தத் திசையில்தான் நடக்கின்றன.

ஆனால் வி.இ.ஜி.எஃப்.-இன் உண்மையான பெருமை அந்த எண்ணில் இல்லை என்பது என் முடிவு. 1983 வரை 'நீரில் என்ன இருக்கிறது' என்று கேட்டோம். அதன் பிறகு 'நீரை வரவழைத்தது எது, அதைத் தடுக்க முடியுமா' என்று கேட்கக் கற்றோம். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுக்கு, பிரான்சில் 448 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. வழக்கமான கீமோவோடு வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் பெவாசிசுமாப் சேர்த்தபோது நோயாளிகளின் இடைநிலை (மீடியன்) ஆயுள் 16.1 மாதத்திலிருந்து 18.8 மாதமாக உயர்ந்தது. இரண்டரை மாதத்துக்குச் சற்று மேல் என்பது வெளியாருக்குச் சின்ன எண். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஒரு கல்யாணத்தைப் பார்க்கும் காலம், ஒரு பேரக்குழந்தையைத் தூக்கும் காலம். கினிப் பன்றியின் வயிற்று நீரைக் கழிவென்று கொட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

வாசகருக்கு ஒரு சொல்

உங்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று சொன்னால், பதறாதீர்கள். ஆனால் நீரை இறக்கிவிட்டார்கள், மூச்சு சீராகிவிட்டது என்று அதோடு விட்டுவிடவும் செய்யாதீர்கள். எடுத்த நீரைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். புரதம், எல்.டி.எச்., ஏ.டி.ஏ., அணு எண்ணிக்கை, சைட்டாலஜி ஆகியவற்றின் முடிவை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் காசநோய் அதிகம் என்பதால், உறுதி செய்யாமலேயே ஆறு மாத மருந்தைத் தொடங்கும் நிலை சில சமயம் வருகிறது. மருந்து சாப்பிட்டும் நீர் மறுபடி மறுபடி சேர்ந்தால், முதல் சைட்டாலஜியில் எதுவும் தெரியவில்லை என்ற ஒரே காரணத்தால் புற்று இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். துண்டு எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று நெஞ்சக நோய் நிபுணரிடம் நேராகவே கேளுங்கள். நீர் ஏன் வந்தது என்று கேட்பது உங்கள் உரிமை. அதற்குப் பதில் கிடைக்கும் வரை கேளுங்கள்.